ஊர் வீட்டை வித்துடலாம்னு தம்பி சொல்றான். உங்க வீட்டுல எப்படி முடிவு பண்ணீங்க?

புது ஆத்துக்காரன் | சனி, இரவு 11:10

எல்லாருக்கும் வணக்கம். படிச்சுட்டு மட்டும் போறவன், இன்னைக்குத்தான் எழுதறேன்.

எங்க ஊரு ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவுல. கல்லணைக் கால்வாய்ப் பாசனம், ஊர்ல புது ஆறுன்னுதான் சொல்வோம். தாத்தா கட்டுன ஓட்டு வீடு ஒண்ணு இருக்கு. முன்னால திண்ணை, நடுவுல முற்றம், பின்னால கொல்லை வரைக்கும் நீளமா ஓடும். 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப பாதிக் கூரை போயிடுச்சு, கொல்லையில தென்னை ஒண்ணு மிஞ்சல. தம்பி அதுக்கப்புறம் பக்கத்து மனையில காங்கிரீட் வீடு கட்டிக்கிட்டான். பழைய வீட்டுல இப்ப வைக்கோலும் உர மூட்டையும்தான் கிடக்கு. ஒட்டுனாப்ல கல்யாண மண்டபம் வச்சிருக்கவரு, வண்டி நிறுத்த இடம் வேணும்னு நல்ல விலைக்குக் கேக்குறாராம். தம்பி குடுத்துடலாம்கிறான். தங்கச்சி மன்னார்குடியில இருக்கு, அது "அண்ணன் என்ன சொல்லுதோ அப்படியே"ங்குது. நான் வேணாம்னுட்டேன். ஏன் வேணாம்னு தம்பி கேட்டான், பதில் வரல.

அப்பா 1980கள்ல இங்க சிங்கப்பூருக்கு வந்து கட்டுமான வேலை பாத்தவரு. தோ பாயோ பக்கம் எம்ஆர்டி ரயிலுக்குத் தோண்டுனதுல அவரும் ஒருத்தரு. அந்தக் காசுலதான் நாட்டு ஓட்டை எடுத்துட்டு சீமை ஓடு போட்டது. அவரு அங்க திரும்புனாரு, 1997-ல நான் இங்க வந்தேன். இப்ப பிஆர் (நிரந்தரவாசி), யீஷூன்ல வீவக வீடு, அதாவது அரசு அடுக்குமாடி. பிள்ளைங்க ரெண்டும் இங்க பொறந்தது. ஊருக்குப் போனா அந்த வீட்டுப் பக்கமே வராதுங்க, கக்கூஸ் கொல்லையில இருக்குன்னு.

எனக்கு அந்த வீடுன்னா கூடத்துல நின்ன பத்தாயம்தான். அடியில சின்னக் கதவு, அதைத் தூக்குனா நெல்லு வழியும். நெல்லு குறைஞ்சு மூலையில ஒதுங்கிட்டா, சின்னப் பயன்னு என்னைத்தான் மேல ஏத்தி உள்ள இறக்கி விடுவாங்க. இருட்டுல காலால நெல்லைத் தள்ளித் தள்ளிக் கதவுப் பக்கம் விடணும். வெளிய அப்பாயி மரக்கால் போட்டு அளக்குற சத்தம் மட்டும் கேக்கும். "லாபம்"னு ஆரம்பிச்சு எண்ணும், ஒண்ணுன்னு சொல்லாது. வெளிய வந்தா கழுத்தெல்லாம் சொணை, ராத்திரி பூரா அரிப்பு. தேங்காண்ணெயத் தடவிக்கிட்டே அப்பாயி என்னையத் திட்டும், நானா போய்க் குதிச்ச மாதிரி.

இதுக்காக ஒரு வீட்டை வச்சுக்கலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

தேக்கா டீ | சனி, இரவு 11:32

விக்காதீங்க. வித்தா ஊருக்குப் போக ஒரு காரணம் குறையும். அப்புறம் போகவே மாட்டீங்க.

காரைக்குடிப் பொண்ணு | ஞாயிறு, காலை 7:05

விக்காதீங்கன்னு சொல்றது பெரும்பாலும் ஆம்பளைங்களாத்தான் இருக்கும், பாத்துக்கிட்டே இருங்க.

முற்றத்துல மழை விழுகுறது அழகுதான். நானும் தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் பாத்தவதான். மழை விட்டதும் அந்தத் தண்ணிய வாரித் துடைச்சது எங்க அம்மா. எங்க வீடு நகரத்தார் அரண்மனை இல்ல, அரண்மனைக்கு நாலு தெரு தள்ளி இருக்குற சாதாரண வீடு. அடுப்படி கடைசியில, ஒரே ஒரு ஜன்னல், விறகடுப்பு. சாயங்காலம் அம்மா வெளிய வந்தா கண்ணு ரெண்டும் சிவந்து கிடக்கும். ஐயா, அப்பா, சித்தப்பாமாரு, நாங்க எல்லாம் சாப்பிட்டு எந்திரிச்ச பிறகு அப்பத்தா, அதுக்கப்புறம் அம்மா. குழம்புச் சட்டியிலயே சோத்தைப் போட்டுப் பிசைஞ்சு, வாசப்படியில உக்காந்து சாப்பிடும். அந்த நேரத்துல நான் பக்கத்துல போய் உக்காந்தா ஒரு உருண்டை கிடைக்கும். சட்டியில ஒட்டுன மசாலாவோட அந்த உருண்டை மாதிரி இன்னைக்கு வரைக்கும் எதையும் சாப்பிட்டதில்ல. ஆனா அம்மாவுக்கு அது மிச்சம் மீதிதான்னு எனக்குப் புரிய நான் கல்யாணம் ஆகி இங்க வரணும்னு இருந்துச்சு. இங்க வந்து பாத்த அம்மா கேஸ் அடுப்பைத் திருகித் திருகி அணைச்சுப் பாத்துட்டு, "இம்புட்டுத்தானா சமையலு?"ன்னுச்சு.

புது ஆத்துக்காரன் அண்ணே, தங்கச்சி "அண்ணன் சொல்றபடி"ன்னு சொன்னா அதை அப்படியே எடுத்துக்காதீங்க. தம்பி பக்கத்துல இல்லாதப்ப தனியாப் போன் பண்ணிக் கேளுங்க. அந்த வீட்டுல அதுக்கு என்ன ஞாபகம்னு கேளுங்க, பங்கு வேணுமான்னு அப்புறம் கேக்கலாம்.

பத்திரக்காரன் | ஞாயிறு, காலை 9:48

காரைக்குடிப் பொண்ணு சொன்னதோட சேத்து ஒண்ணு. தங்கச்சி கையெழுத்து தயவுக்கு வாங்குறது இல்ல, சட்டப்படி வேணும். பூர்வீகச் சொத்துல மகளுக்கும் பங்குன்னு தமிழ்நாடு 1989-லயே திருத்தம் கொண்டு வந்துச்சு, அப்ப கல்யாணம் ஆகாம இருந்த பொண்ணுங்களுக்கு. 2005-ல மத்திய சட்டம் கல்யாணம் ஆனவங்களுக்கும் சேத்து மகனுக்குச் சமமாக்குச்சு. அப்பா 2005-ல உயிரோட இருந்திருக்கணும்னு ஒரு வாதம் ஓடிக்கிட்டு இருந்துச்சு, 2020-ல உச்ச நீதிமன்றம் அதையும் தள்ளிடுச்சு. அப்பா தன் சம்பாத்தியத்துல வாங்கி, உயில் எழுதாமப் போன சொத்துன்னா 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே பிள்ளைங்க எல்லாருக்கும் சமம். ஏற்கெனவே பதிவான பாகப்பிரிவினை இருந்தா கதை வேற.

நீங்க பிஆர், இந்தியப் பாஸ்போர்ட், அதனால விக்கிறதுல சிக்கல் இல்ல. நேர்ல போக முடியலன்னா பவர் எழுதணும். கிரேஞ்ச் ரோடு இந்தியத் தூதரகத்துல சான்று வாங்கி அனுப்பி, ஊருக்குப் போய்ச் சேந்த மூணு மாசத்துக்குள்ள அங்க முத்திரைத் தீர்வை கட்டணும். இந்த மூணு மாசத்தைக் கோட்டை விட்டுட்டு மறுபடி முதல்ல இருந்து ஓடுனவங்களை நிறையப் பாத்திருக்கேன். அதுக்கு முன்னாடி வாரிசுச் சான்று, வில்லங்கம், பட்டா யார் பேருல இருக்குன்னு பாத்துக்கோங்க.

இங்க குடியுரிமை எடுத்தவங்களுக்கும் ஒரு சேதி: ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர் அட்டை) வச்சிருந்தா வயல் வாரிசா வரலாம், புதுசா வாங்க முடியாது. வந்த வயலை விக்கிறதா இருந்தாலும் இந்தியாவுல இருக்குற இந்தியக் குடிமகனுக்குத்தான் விக்கலாம்.

செம்பவாங் பெரியம்மா | ஞாயிறு, பிற்பகல் 2:15

தம்பி, பெரியவள் என்ற முறையில் என் கதையையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

என் அப்பா இங்கே பிரிட்டிஷ் நேவல் பேஸில் (கடற்படைத் தளத்தில்) வேலை பார்த்தவர். நான் பிறந்தது அந்தக் குடியிருப்பில். வரிசை வீடு, பொதுக் குழாய், அடுத்த வீட்டில் மலையாளிக் குடும்பம். பத்து வயது வாக்கில் அம்மாவையும் எங்களையும் திருவாரூர்ப் பக்கம் ஆத்தா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்போது பல குடும்பங்களில் அதுதான் வழக்கம். சம்பாதிப்பவர் இங்கே, பிள்ளைகள் அங்கே.

ரஜூலா கப்பலில் போனோம். 1926-இல் கட்டிய கப்பல், நாங்கள் ஏறும்போதே கிழடு. மேல்தளத்தில் பாய் விரித்த இடம்தான் நம் இடம். பினாங்கு தாண்டியதும் நடுக்கடல், அம்மாவுக்குத் தலை நிமிர்த்த முடியாத வாந்தி. பக்கத்துப் பாயில் இருந்த முன்பின் தெரியாத ஒரு கிழவர் எலுமிச்சங்காய் ஊறுகாய் கொடுத்துக்கொண்டே வந்தார். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும், படகில் இறங்க வேண்டும். அலை படகைத் தூக்கும்போது கீழே இருப்பவர் கை நீட்டிப் பிள்ளையை வாங்குவார். என்னை வாங்கியவர் மேலெல்லாம் மீன் வாடை. ஊர் என்று நான் முதலில் அறிந்தது அந்த வாடையைத்தான்.

ஆத்தா வீட்டில் என்னைச் "சிங்கப்பூராள்" என்பார்கள். திரும்பி இங்கே வந்தபோது பள்ளியில் "ஊர்க்காரி" என்றார்கள். 1971-இல் வெள்ளைக்காரன் தளத்தைக் காலி செய்து போனான். அப்பா கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். எனக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்ததால் நான் தங்கிவிட்டேன். 1973-க்குப் பிறகு ரஜூலா இல்லை, சிதம்பரம் கப்பல் வந்தது. 1985-இல் அதில் தீப்பிடித்ததோடு அதுவும் முடிந்தது.

ஆத்தா வீட்டை மாமாக்கள் எப்போதோ விற்றுவிட்டார்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. அந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. போய் நின்று பார்த்தேன், ரீசார்ஜ் வேண்டுமா என்று அந்தப் பையன் கேட்டான். வருத்தமாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன், அப்படி ஒன்றும் இல்லை. நேவல் பேஸ் குழாயடிதான் இன்றும் கனவில் வருகிறது. அந்தக் குடியிருப்பும் இன்றைக்கு இல்லை, அதை விற்கவா வேண்டாமா என்று என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

தேக்கா டீ | ஞாயிறு, பிற்பகல் 2:40

பெரியம்மா, கப்பலைப் பத்தி இன்னும் எழுதுங்க. எங்க தாத்தாவும் ரஜூலாதான், ஆனா மனுஷன் வாயே திறக்க மாட்டாரு.

ராத்திரி ஷிப்ட் | திங்கள், அதிகாலை 1:20

அண்ணே எனக்கு தமிழ் டைப் வேகமா வராது, வாய்ஸ்ல சொல்லி அடிக்கிறேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. துவாஸ்ல இருக்கேன், ஒர்க் பர்மிட். சொந்த ஊரு அறந்தாங்கி பக்கம்.

நீங்க எல்லாரும் பழைய கதை பேசுறீங்க. எனக்கு இது இப்ப நடக்குது. இங்க ஒம்பதரைக்கு போன் போட்டா அங்க ஏழு மணி. பாப்பா வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இருக்கும். போனை ஸ்டாண்டுல வச்சிட்டு அது பாட்டுக்கு எழுதும், நான் பாத்துக்கிட்டு இருப்பேன். பேச ஒண்ணும் இருக்காது. பல்பு எரியுது, பூச்சி சுத்துது, எங்க அம்மா குறுக்க நடக்குது. அவ்ளோதான். நான் இல்லாம வீடு எப்படி இருக்கும்னு பாத்துக்கிட்டே தூங்கிடுவேன்.

2020 கொரோனாவுல டார்ம்ல, தொழிலாளர் விடுதியில, அடைச்சு வச்சிருந்தப்ப அப்பா தவறிட்டாரு. பிளேன் கிடையாது. மச்சான் வாட்ஸ்ஆப்ல காட்டுனான். நெத்தியில காசு வைக்கிறப்ப படம் அப்படியே நின்னுடுச்சு. ரூம்ல இருந்தவங்க எல்லாம் என் போனையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, ஒருத்தரும் பேசல. வங்காளதேசத்துப் பையன் ஒருத்தன் அவன் போனை எடுத்து எனக்கு ஹாட்ஸ்பாட் போட்டு விட்டான். திரும்ப லைன் வர்றதுக்குள்ள தூக்கிட்டாங்க.

வீடு நான் இப்பதான் கட்டிக்கிட்டு இருக்கேன். லிண்டல் வரைக்கும் வந்திருக்கு. நீங்க விக்கிறதா வேணாமான்னு கேக்குறீங்க, எனக்கு அதுல படுத்துப் பாக்கணும்னு இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க.

கடையநல்லூர் தறி | திங்கள், காலை 8:30

ராத்திரி ஷிப்ட் தம்பி, ஒரு தப்பும் இல்ல. எழுதினது மனசுல நிக்கிது.

நான் தஞ்சோங் பகாரில் வளர்ந்தவன். அத்தாவுக்குத் துறைமுகத்துல வேலை. எங்க ஊர்க்காரங்க அந்தப் பக்கம் அவ்வளவு பேரு இருந்தாங்க, உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியே எங்க ஊர்ச் சங்கம் நடத்தினதுதான். 1982-ல மூடினாங்க. பள்ளிக்கூட லீவுக்கு ஊருக்குப் போனா தறிச் சத்தத்துலதான் கண் முழிப்பேன். குழித்தறி, காலால மிதிக்கிற சத்தமும் நாடா ஓடுற சத்தமும். தறி நிக்கிற நேரத்துலதான் வீட்டுல யாரு என்ன பேசுறாங்கன்னே கேக்கும்.

ஆனா எனக்கு வீடு வந்து சேர்ந்தது கேசட்டுல. கடிதம் எழுதத் தெரியாத பாட்டி, அதனால ஊருக்குப் போறவங்க கையில அத்தா கேசட்டுல பேசிக் கொடுத்து விடுவாரு, அங்கேருந்து பதில் கேசட் வரும். அத்தா பேசினா பிரசங்கம் மாதிரி இருக்கும்: "அன்புள்ள தாயாருக்கு." பாட்டி பேசினா பருத்தி நூல் விலை, யார் வீட்டுல யாரு மவுத்து, எந்த மருமகள் சரியில்லை. பேசி முடிச்சும் பொத்தானை அமுக்கத் தெரியாது. அதுக்கப்புறம் ஓடுற நேரமெல்லாம் ஆட்டை விரட்டுறது, காக்கா, யாரோ கதவைத் தட்டுறது, "இவன் அனுப்புற காசு எங்க பத்துது"ன்னு பாட்டி பக்கத்து வீட்டுல சொல்றது. அத்தா முதல் பாதியை ஒரு தடவைதான் கேப்பாரு. ரெண்டாவது பாதியை தினமும் போட்டுக் கேப்பாரு. காசு பத்தலைங்கிறதையும் சேத்துத்தான்.

வீட்டு விஷயத்துக்கு வர்றேன். எங்க பங்குச் சட்டம் வேற, அது இங்க தேவையில்ல. நாங்க விக்கவும் இல்ல, வச்சுக்கவும் இல்ல. கூட்டுப் பட்டா, அத்தாவோட கூடப் பிறந்தவங்க, அவங்க பிள்ளைங்கன்னு ஆளு பெருகிக்கிட்டே போகுது. யாருக்கும் இடத்தை விட மனசில்ல, யாருக்கும் ஓடு மாத்தக் காசில்ல. பூட்டு துருப்பிடிச்சு ஒரு பக்கச் சுவர் தெருவுல விழுந்து, நகராட்சியில இருந்து நோட்டீசு வந்துச்சு. ஊர்ல இருந்த மாமாதான் தனியா ஆள் வச்சு அள்ளினாரு. நாங்க எல்லாம் வாட்ஸ்ஆப் குரூப்புல அழுகிற பொம்மை போட்டோம். ஊர்ல இருக்குற தம்பி சொல்றதுக்கு எடை அதிகம், அதை மட்டும் சொல்லிக்கிறேன். ஒழுகுற வீட்டுக்குப் பக்கத்துல தினமும் நடக்கறவன் அவன்.

தேக்கா டீ | திங்கள், காலை 9:02

அப்ப ஊர்ல இருக்கறவன் சொல்றதுதான் முடிவா? அப்பா இங்க வெயில்ல நின்னு சம்பாதிச்சு ஓடு போட்டாரு. அதுக்கு எடை இல்லையா?

காரைக்குடிப் பொண்ணு | திங்கள், காலை 9:20

@தேக்கா டீ அவரு ஓடு போட்டது ஆளு குடியிருக்க. இப்ப உர மூட்டை குடியிருக்கு.

தேக்கா டீ | திங்கள், காலை 9:24

பேச்சு சாமர்த்தியமா இருக்கு. நாளைக்குப் பிள்ளைங்க "நம்ம ஊர் எது"ன்னு கேட்டா கல்யாண மண்டபத்து பார்க்கிங்கையா காட்டுவீங்க?

காரைக்குடிப் பொண்ணு | திங்கள், காலை 9:41

கேக்க மாட்டாங்க. என் மகன் என்எஸ் (கட்டாயத் தேசிய சேவை) முடிச்சுட்டு வந்து நிக்கிறான், அவனுக்கு ஊரு அங் மோ கியோ. அதுல அவனுக்கு ஒரு குறையும் இல்ல. குறை நமக்குத்தான், அதை நம்மளே வச்சுக்குவோம், தம்பி தலையில கட்ட வேணாம்.

புது ஆத்துக்காரன் | புதன், இரவு 10:55

எல்லாருக்கும் நன்றி. செம்பவாங் பெரியம்மா எழுதினதை வீட்டுக்காரம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். ராத்திரி ஷிப்ட் தம்பி, லிண்டல் வந்துடுச்சுன்னா காங்கிரீட்டுக்கு முன்னாடி கம்பி கட்டுறதை யாராவது தெரிஞ்சவங்களை விட்டுப் பாக்கச் சொல்லுங்க. போன்ல காட்டுறதை நம்பாதீங்க.

தங்கச்சிக்கு நேத்து தனியாப் பேசுனேன். அந்த வீட்டைப் பத்தி என்னம்மா ஞாபகம் இருக்குன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொல்லுச்சு: "கொல்லைத் தாழ்வாரம்ணே. மாசா மாசம் மூணு நாளு அங்கதான் படுக்க வைப்பாங்க. சாக்கு விரிச்சு, தனித் தட்டு. மழைக்காலத்துல சாரல் அடிக்கும். நீயும் தம்பியும் கூடத்துல பத்தாயத்துக்குப் பக்கத்துல படுத்துக்கிட்டுச் சிரிக்கிறது கேக்கும்."

ஒரே வீட்டுலதான் வளந்தோம். எனக்கு அந்தத் தாழ்வாரம் மாடு கட்டுற இடம், அவ்வளவுதான்.

வித்துடலாம்ணே, மகளுக்கு காலேஜ் கட்டணம் இருக்குன்னும் சொல்லுச்சு. இதை ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேட்டதுக்கு, "நீங்க ரெண்டு பேரும் முதல்ல பேசி முடிங்கன்னு இருந்தேன்"னுச்சு.

தம்பிகிட்ட சரின்னு சொல்லியாச்சு. பங்கு மூணு, சமமா. பத்திரக்காரன் சார், பவர் வேணாம், பள்ளி லீவுல நானே போறேன். பட்டா இன்னும் தாத்தா பேர்லதான் இருக்காம், அதுக்கு என்ன வழின்னு தனியா மெசேஜ் பண்றேன்.

பத்திரக்காரன் | புதன், இரவு 11:12

பண்ணுங்க. தாத்தா, அப்பா ரெண்டு பேரோட இறப்புச் சான்றும் கையில இருக்கணும். தாத்தாவுக்கு உங்க அப்பாவைத் தவிர வேற பிள்ளைங்க உண்டா? அத்தைங்க இருந்தா அவங்க கையெழுத்தும் பேச்சுல வரும். முன்பணம் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

காரைக்குடிப் பொண்ணு | வியாழன், காலை 6:50

அண்ணே, தங்கச்சிக்கு என் சார்புல ஒரு வணக்கம். இன்னொண்ணு, இடிக்கிறதுக்கு முன்னாடி மரச்சாமானைத் தனியா விலை பேசுங்க. எங்க ஊர் பழம்பொருள் கடைக்காரங்க தூண், நிலை, பத்தாயம் எல்லாம் எடுப்பாங்க. மண்டபத்துக்காரருக்கு இனாமா விட்டுடாதீங்க.

புது ஆத்துக்காரன் | வியாழன், இரவு 9:30

அத்தை ஒண்ணு இருக்கு, பேராவூரணியில. நல்ல வேளை சொன்னீங்க. அத்தைகிட்ட பேசுனா அது வீட்டைப் பத்தி ஒண்ணும் கேக்கல, கையெழுத்துப் போடறேன்டான்னுட்டு நேரா மொய் நோட்டுக்கு வந்துடுச்சு. அந்த வீட்டு வாசல்ல பந்தல் போட்டு நடந்த விசேஷத்துல விழுந்த மொய்யெல்லாம் அப்பா பேர்ல இருக்கு. ஆடியில மொய் விருந்து வைக்கிறவங்க பத்திரிகை இன்னமும் அந்த வீட்டு அட்ரஸுக்குத்தான் வருதாம். பழைய பாக்கியை நானும் தம்பியும் பாதிப் பாதியாத் திருப்பணுமா, மூணாப் பிரிச்சா தங்கச்சி வீட்டுக்காரர் ஒத்துக்குவாரா, புதுநடையை, அதாவது புதுசா வைக்கிற மொய்யை, யார் பேர்ல எழுதுறது? இதுக்குச் சட்டம் உண்டா?

பத்திரக்காரன் | வியாழன், இரவு 9:44

சட்டம் இல்ல. அத்தை சொல்றதுதான் சட்டம்.

ராத்திரி ஷிப்ட் | வியாழன், இரவு 11:58

எங்க ஊர்ல பெரியவன் பேர்ல மாத்தி எழுதிருவாங்க அண்ணே. வெளிநாட்டுல இருக்கறவன்னா புதுநடை கூட எதிர்பாப்பாங்க, அதுக்கு ரெடியா இருங்க.

தேக்கா டீ | வெள்ளி, காலை 7:15

சிங்கப்பூர்னு நோட்டுல பேருக்கு முன்னாடி எழுதிட்டாலே தொகை ஏறிடும். எங்க மாமா இதுக்காகவே பந்தல்ல போய் "கோயம்புத்தூர்"னு எழுதச் சொன்னாரு.

மட்டுறுத்துநர் | வெள்ளி, காலை 10:00

மொய்க் கணக்குக்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கிருந்து பதிவுகளை அங்கே மாற்றிவிடுகிறேன். தொகை எழுதும்போது ஆட்களின் பெயரும் ஊரும் போட வேண்டாம். போன முறை சண்டை அதில்தான் வந்தது.